வேதாகமம் முழுவதையும் உண்மை என்று ஏற்காதவர் கிறிஸ்தவர் ஆக முடியாதா?

காசிமேட்டில் வசிக்கும் பொறியியல் மாணவர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய தாயார் ராயபுரத்தில் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குச் செல்கிறார், கத்தோலிக்கக் குடும்பத்தில் மணம் முடித்த அக்கா பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறார், இவரோ நண்பர்களுடன் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போய்வருகிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நாண்டுகொண்டு செத்தான் என்று மத்தேயுவும், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளும் சொல்வதைக் காட்டி, இரண்டில் எது உண்மை என்று கல்லூரித் தோழர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதை இவர் தம் போதகரிடம் கொண்டுபோனபோது, ஒரு வசனத்தைச் சந்தேகித்தாலும் நீ கிறிஸ்தவன் அல்ல என்று பதில் வந்திருக்கிறது. அது சரிதானா என்று கேட்கிறார்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். போதகர் சொன்னது சரியன்று. ஒருவரைக் கிறிஸ்தவர் ஆக்குவது இயேசு கிறிஸ்துவின்மேல் உள்ள விசுவாசம். இயேசுவைக் கர்த்தர் என்று வாயினால் அறிக்கையிட்டு, தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்று இருதயத்தில் விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய் என்று ரோமர் 10:9இல் பவுல் எழுதுகிறபோது, வேறு நிபந்தனை எதையும் சேர்க்கவில்லை. ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, சபை, பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல் எல்லாம் வருகின்றன. வேதாகமம் என்ற சொல் வருவதில்லை. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு எந்தப் புத்தகத்தைப் பற்றிய கருத்தும் கேட்கப்படாமலே பரதீசு வாக்களிக்கப்பட்டது. இவ்வளவுதான் விடை என்றால் நான் இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் உங்கள் கேள்விக்குள் ‘எல்லாம்’ என்றும் ‘உண்மை’ என்றும் இரண்டு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. சிக்கல் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் ‘எல்லாம்’. உங்கள் தாயாரின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள். உங்கள் அக்காவின் விவிலியத்தில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களைக் கத்தோலிக்கத் திருச்சபை 1546இல், ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில், திருநூல்கள் என்று மறுபடியும் உறுதிசெய்தது. சீர்திருத்தச் சபைகள் அவற்றை உபதேசத்துக்கு அடிப்படையாக ஏற்கவில்லை. ஆக, ஒரே வீட்டில் இரண்டு ‘எல்லாம்’ இருக்கின்றன. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இன்று நாம் அறிந்த அதே பட்டியலாக நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் காணப்படுவது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய உயிர்ப்புவிழாக் கடிதத்தில். அதற்கு முன் மூன்று நூற்றாண்டுக் காலம் இரத்தம் சிந்திச் செத்த சாட்சிகளின் கைகளில் முடிவான பட்டியல் எதுவும் இருக்கவில்லை. பட்டியல் உறுதியாகிப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1522இல் தம் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். அவரைக் கிறிஸ்தவர் அல்ல என்று உங்கள் போதகரும் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கிழித்துப்போடலாமா என்றால், அதற்கும் திருச்சபை மிகப் பழங்காலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், பழைய ஏற்பாட்டின் தேவன் கோபக்காரர், இயேசுவின் பிதா வேறொருவர் என்று சொல்லி, பழைய ஏற்பாடு முழுவதையும் தள்ளிவிட்டு, லூக்காவின் சுவிசேஷத்தையும் பவுலின் நிருபங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டிக் குறைத்து, வைத்துக்கொண்டார். ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. நமக்குச் சங்கடம் தருகிற பக்கங்களையும் சேர்த்தே இது நம்முடைய புத்தகம் என்று சபை அன்றே முடிவு செய்துவிட்டது. ஆகவே ‘எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமா’ என்பதற்கு, வேதமாக ஏற்க வேண்டும் என்பது என் விடை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நடந்த செய்தியாகவோ, நமக்கு இட்ட கட்டளையாகவோ ஏற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு மனவேதனையும்.

இதை விளக்க உங்கள் வீட்டுச் சுவரையே எடுத்துக்கொள்கிறேன். டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்து வரும்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை வாங்கி வருகிறோம் அல்லவா? அதில் அடிக்கடி வரும் வசனங்களில் ஒன்று யோபு 8:7: ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.’ வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடைகளின் கல்லாவுக்கு மேலேயும், மீன்பிடி விசைப்படகுகளின் உள்ளேயும், ஆட்டோக்களின் பின்புறத்திலும் இதை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னவர் யார்? தேவன் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. யோபின் நண்பன் பில்தாத். அந்த நண்பர்களைப் பற்றிக் கடைசி அதிகாரத்தில் (42:7) கர்த்தர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: யோபு பேசினதுபோல அவர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கடிந்து, அவர்களுக்காகப் பலி செலுத்தச் சொல்கிறார். அதாவது, வேதாகமத்துக்குள்ளேயே ஒரு நீண்ட பகுதியை வேதாகமமே தவறு என்று தீர்ப்பளிக்கிறது. யோபு புத்தகத்தில் கணிசமான பங்கு அந்த நண்பர்களின் பேச்சுதான்.

இதிலும் அவசரப்படக் கூடாது. யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டது உண்மை. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தினால் அன்று. இன்னொரு நண்பனான எலிப்பாஸ் சொன்ன ஒரு வாக்கியத்தை, ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறவர் தேவன் என்பதை, பவுல் 1 கொரிந்தியர் 3:19இல் ‘எழுதியிருக்கிறது’ என்ற மரியாதையோடு மேற்கோள் காட்டுகிறார். ஆக, நண்பர்களின் வாயிலிருந்து வந்ததெல்லாம் பொய் என்றும் தள்ள முடியாது. யார் சொன்னது, யாரிடம், எந்த நிலையில், அந்தப் புத்தகம் முடிகிறபோது அதைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வசனம் வேதாகமத்தில் இருக்கிறது என்பதனாலேயே அது அப்படியே உண்மை என்று சொல்வோமானால், யோபு புத்தகத்தை நாம் இன்னும் படிக்கவில்லை என்றே பொருள்.

இது வெறும் பாடசாலை விவாதமாக எனக்குப் படாததற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. அதற்குப் பிந்தைய வாரத்தில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் ஆமோஸ் 3:6ஐ எடுத்து, கர்த்தருடைய செயல் இல்லாமல் ஊரில் தீங்கு உண்டாகுமோ என்று கேட்டு, கடற்கரை மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை இது என்று பேசினார். முன்வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். பிரசங்கியார் வாசித்த வசனம் வேதாகமத்தில் இருப்பதுதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அன்று அந்தப் பிரசங்கியார் பேசியது பில்தாத்தின் பிரசங்கம். யோபு 8:7க்கு மூன்று வசனம் முன்னால் பாருங்கள்: பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான பலனுக்கு அவர் அவர்களை ஒப்புக்கொடுத்தார் என்ற பொருளில்தான் பில்தாத் பேசத் தொடங்குகிறான்.

அன்று கூட்டம் முடிந்ததும் முதியவர் ஒருவர், அதிகம் படிக்காதவர், எழுந்து லூக்கா 13ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைவிடவும் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொல்கிற இடம் அது. வேதத்தை வேதமே திருத்துகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் கண்டது அன்றுதான். ஆமோஸ் பொய் சொல்லவில்லை. ஏழைகளை நசுக்கிக்கொண்டே தங்களுக்குத் தீங்கு வராது என்று நம்பியிருந்த இஸ்ரவேலருக்கு அவன் சொன்ன சொல் அது. அதைப் பிடுங்கி, கட்டுமரத்தையும் பிள்ளையையும் ஒருசேரப் பறிகொடுத்தவர்களின் தலையில் போட்டால் அது உண்மையாக நிற்பதில்லை.

இயேசுவே இப்படித்தான் வாசித்தார். வேதவாக்கியம் தவறாதது என்று யோவான் 10:35இல் சொன்னவரும் அவரே. மோசே தள்ளுதற்சீட்டுக்கு, அதாவது விவாகரத்துக்கு, இடங்கொடுத்தது உங்கள் இருதயகடினத்தினிமித்தம், ஆதிமுதலாய் அப்படியிருக்கவில்லை என்று மத்தேயு 19:8இல் ஒரு சட்டத்தின் எல்லையைக் காட்டியவரும் அவரே. எலியா செய்ததுபோல வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, எலியாவின் கதை வேதத்தில் இருந்தும் அவர் அவர்களை அதட்டினார். அமலேக்கியரின் குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15ஐப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கலங்குகிறது. அதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன், எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை நான் கிழிப்பதில்லை. சமாரியர் கிராமத்துக்கு வெளியே இயேசு தம் சீஷர்களை அதட்டிய பக்கத்தை அருகில் வைத்துத்தான் அதை வாசிக்கிறேன்.

கட்டளைகளின் விஷயத்தில் நாம் ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறோம் என்பதைக் காசிமேட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செதிளும் சிறகும் இல்லாத நீர்வாழ் பிராணிகள் அருவருப்பு என்று லேவியராகமம் 11 சொல்கிறது. அதன்படி இறால், நண்டு, கடம்பா மூன்றும் கூடாது. ஞாயிறு ஆராதனை முடிந்து மீன்பிடித் துறைமுகத்தில் நண்டு வாங்கிப் போகாத பாஸ்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாப் போஜனபதார்த்தங்களும் சுத்தம் என்பதற்கு மாற்கு 7ஐயும் பேதுரு கண்ட தரிசனத்தையும் அவர் காட்டுவார், சரிதான். ஆனால் அப்போஸ்தலர் 15:29 புறஜாதி விசுவாசிகளுக்கே இரத்தத்தை விலக்கச் சொல்கிறது. ரத்தப் பொரியல் சாப்பிடுகிற நம் சபையார் அதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுவையான விவாதம் கிடைக்கும்.

இனி ‘உண்மை’ என்ற சொல்லைப் பற்றிச் சபைகள் அதிகாரபூர்வமாக என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்க்கலாம். உங்கள் தாயாரின் சபையான தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. அதன் அமைப்புச் சட்டம், பழைய, புதிய ஏற்பாடுகளை இரட்சிப்புக்குத் தேவையான அனைத்தும் அடங்கியவை என்றும், விசுவாசத்துக்கு உயர்ந்த, தீர்மானமான அளவுகோல் என்றும் ஏற்கிறது. கவனியுங்கள்: இரட்சிப்புக்குத் தேவையான அனைத்தும் இதில் உண்டு என்பது ஒரு கூற்று, இதில் உள்ள அனைத்தும் பிழையில்லாத தகவல் என்பது வேறொரு கூற்று. சட்டம் முதலாவதைத்தான் சொல்கிறது. உங்கள் அக்காவின் திருச்சபை 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், நம் மீட்புக்காகக் கடவுள் திருநூலில் இடம்பெறச் செய்ய விரும்பிய உண்மையை அந்நூல்கள் உறுதியாகவும் பிழையின்றியும் கற்பிக்கின்றன என்றது. ‘மீட்புக்காக’ என்ற அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று கத்தோலிக்க அறிஞர்களே இன்றும் வாதிடுகிறார்கள் என்பது வேறு கதை.

உங்கள் போதகர் நிற்கும் மரபுக்கும் நியாயம் செய்ய வேண்டும். மூல எழுத்துகளில் வேதாகமம் எந்த விஷயத்திலும் பிழையற்றது என்று கருதுவோரின் நிலைப்பாட்டை மிகத் தெளிவாக வரையறுத்த ஆவணம் 1978ஆம் ஆண்டின் சிகாகோ அறிக்கை. பிழையின்மையைக் கைவிட்டால் தனி மனிதருக்கும் சபைக்கும் பெரிய விளைவுகள் உண்டு என்று அது எச்சரிக்கிறது; அந்தக் கவலை வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர்கள் கடைசியில் உயிர்த்தெழுதலையும் உவமையாக்கி விட்டதை நாம் பார்த்திருக்கிறோம். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் விருதா என்று பவுல் எழுதியபோது அவர் உவமை பேசவில்லை. ஆனால் அதே சிகாகோ அறிக்கை இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறது. முழு எண்ணாக்கிச் சொல்வது, கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை வர்ணிப்பது, நவீனத் துல்லியம் இல்லாமை ஆகியவற்றைப் பிழை என்று எண்ணக் கூடாது என்பது ஒன்று. கடுகை எல்லா விதைகளிலும் சிறியது என்று இயேசு சொன்னதைக் கேட்டு, கசகசா அதைவிடச் சிறியது ஆயிற்றே என்று நம் வீட்டுப் பெண்கள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டினால், அதனால் சுவிசேஷம் பொய்யாவதில்லை. அவர் தாவரவியல் நடத்தவில்லை, தேவனுடைய ராஜ்யம் வளரும் விதத்தைச் சொன்னார். இரண்டாவது, உங்களுக்கு மிகவும் வேண்டியது: பிழையின்மையை அறிக்கையிடுவது இரட்சிப்புக்கு அவசியம் என்பதை அந்த அறிக்கையின் 19ஆம் பிரிவு வெளிப்படையாகவே மறுக்கிறது. அதாவது, பிழையின்மைக்காக வரிந்துகட்டி நின்றவர்களே சொல்லத் துணியாததை உங்கள் போதகர் சொல்லியிருக்கிறார்.

‘மூல எழுத்துகளில்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். மூலப் பிரதிகள் இன்று எவரிடமும் இல்லை; நம்மிடம் இருப்பவை பிரதிகளின் பிரதிகள். தாயாரின் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7ஐத் திறந்தால், பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று இருக்கும். அக்காவிடமுள்ள 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் அதே இடத்தில் அந்த வரி இராது. பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் அது இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்முஸ் தம் முதல் இரண்டு பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, எதிர்ப்பு வந்த பிறகு 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். திரித்துவம் அந்த ஒரு வரியைத் தூணாக வைத்து நிற்கவில்லை என்பதால் எவரும் கலங்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு வசனம் கழன்றால் எல்லாம் சரியும் என்று நம்புகிறவருக்கு, இரண்டு தமிழ் வேதாகமங்களை அருகருகே வைப்பதே ஆபத்தாகிவிடும். தேவஆவியினால் அருளப்பட்டது என்று 2 தீமோத்தேயு 3:16 சொல்லும்போது அது உடனே சேர்க்கிற சொல் ‘பிரயோஜனமுள்ளவை’ என்பது: உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும். தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்த வேத எழுத்துகளாகிய பழைய ஏற்பாட்டைப் பற்றியே அங்கே பேச்சு என்பதையும் முந்தின வசனத்திலேயே காணலாம்.

கடைசியாக யூதாஸ். இரண்டு பதிவுகளையும் இணைக்க முயன்றவர்கள், நாண்டுகொண்டவன் கயிறு அறுந்து கீழே விழுந்தான் என்பார்கள். விழுந்த விதத்துக்கு அது போதலாம். ஆனால் காட்டிக்கொடுத்த பணத்தில் நிலத்தை வாங்கியவர்கள் ஆசாரியர்கள் என்று மத்தேயுவும், யூதாஸே என்று அப்போஸ்தலர் நடபடிகளும் சொல்வதற்கு இன்னொரு முடிச்சுப் போடவேண்டி வரும். தாவீது எடுத்த குடிமதிப்பும் இப்படியே: இஸ்ரவேலில் எட்டு லட்சம், யூதாவில் ஐந்து லட்சம் என்று 2 சாமுவேல் 24 சொல்ல, 1 நாளாகமம் 21 பதினொரு லட்சம், நான்கு லட்சத்து எழுபதாயிரம் என்கிறது, தாவீதை ஏவியவர் கர்த்தர் என்று முன்னதும், சாத்தான் என்று பின்னதும் எழுதுகின்றன. வேதத்தில் தவறில்லை என்று உறுதியாக நம்பிய ஆதிச்சபை ஆயர் அகுஸ்தீனுங்கூட, இப்படி இடறுகிற இடங்களைக் காணும்போது, பிரதி பிழையாக இருக்கலாம், மொழிபெயர்த்தவர் பொருளைத் தவறவிட்டிருக்கலாம், அல்லது நான் புரிந்துகொள்ளாமல் இருக்கலாம் என்றுதான் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதினார். இடறல் கண்ணில் பட்டதே பாவம் என்று அவர் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் தோழரிடம், யூதாஸின் சாவைப் பற்றி ஆதிச்சபையில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது, இரண்டையும் மாற்றாமல் அப்படியே காத்துத் தந்திருக்கிறார்கள், இரண்டிலும் இரத்தநிலம் என்ற பெயரும், காட்டிக்கொடுத்தவன் கேவலமாய் முடிந்தான் என்பதும் ஒன்றாகவே இருக்கின்றன என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல நீங்கள் வெட்கப்படவும் வேண்டாம், கயிற்றை அறுக்கவும் வேண்டாம். போதகரிடம் வாதாடப் போகாதீர்கள். அவர் உங்கள் ஆத்துமாவைக் குறித்த அக்கறையில்தான் அப்படிப் பேசியிருப்பார். சிகாகோ அறிக்கையின் 19ஆம் பிரிவை மட்டும் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.